நிலம் நடுங்கியது யார் செய்த பாவம்?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கணியம்பாடியில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

'இயற்கைச் சீற்றமும் சமய நம்பிக்கையும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளி விழா மேடையில் இது சற்று வேற்றுப் பொருளாகத் தோன்றலாம். கல்வியின் மேன்மையையும் சங்கம் கடந்துவந்த பாதையையும் எடுத்துரைக்க என்னினும் தகுதியுடையோர் இங்கு உளர். எனக்கோ இருவருக்கு விடை சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது. அதனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

முதலாமவர் ஒரு தாய். 2021 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாலாறு இரு கரையும் புரள ஓடிற்று. நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டனர். அதே மழையில் நம் பக்கத்துச் சேரி ஒன்றில் ஒரு மண்சுவர் சரிந்தது. உயிர் போகவில்லை. பட்டாளத் தேர்வுக்கென்று நாள்தோறும் விடியலில் ஓடிப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையின் கால் போயிற்று. பார்க்கச் சென்றேன். அந்தத் தாய் என்னிடம் பண உதவி கேட்கவில்லை. மனு எழுதித் தரவும் கேட்கவில்லை. "போன ஆடிக்குக் கூழு ஊத்தாம வுட்டுட்டேன், அதுக்குத்தானா அய்யா?" என்று மட்டும் கேட்டார். ஆடியில் கூழ் வார்க்காமற்போனது ஏன் என்றால், கொரோனாவினால் காலணித் தொழிற்சாலையில் வேலை நின்று, கேழ்வரகு வாங்கவும் கையில் காசில்லாத காலம் அது. நான் ஆசிரியனாய் இருந்தவன். விடை சொல்லியே பழகியவன். அன்று எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாமவர் நம் மாலை வகுப்பு மாணவர் ஒருவர். காந்தியார் 1934இல் நெல்லையில் பேசிய பேச்சைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். அப்பேச்சை நான் குறை கூறியதும் அந்தத் தம்பி எழுந்து, "அய்யா, அவர் நமக்காகத்தானே அப்படிச் சொன்னார்? நமக்குச் சார்பான சொல்லை நாமே ஏன் மறுக்க வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரவு முழுதும் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

நடந்ததை அறியாதாருக்காகச் சொல்கிறேன். 1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டேகால் மணியளவில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய நகரங்கள் கற்குவியல்களாயின. வயல்கள் பிளந்து, உள்ளிருந்து மணலும் நீரும் பீறிட்டெழுந்து, விளைநிலத்தை மணல்மேடாக்கின. பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இறந்தனர். நேபாளத்தையும் சேர்த்தால் 10,000ஐத் தாண்டும். அவ்வேளையில் காந்தியார் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தென்னாட்டில் இருந்தார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகி ஓராண்டு கடந்திருந்த நேரம். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, இந்நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகவும், தம்மை மூடநம்பிக்கையாளன் என்று எவரேனும் அழைத்தாலும் அழைக்கட்டும் என்றும் கூறினார்.

சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் நெல்லைச் சீமையில் கோயில் தெருவில் கால் வைக்கவும் உரிமையற்று நின்ற நம்மவன் ஒருவன் அதைக் கேட்டிருந்தால் அவன் நெஞ்சம் எப்படிக் குளிர்ந்திருக்கும்! தன்னைத் தொடாதவனை அடிக்க விண்ணகமே கை ஓங்கியது என்று உலகம் போற்றும் ஒரு பெரியவர் சொல்கிறாரே! அந்தக் குளிர்ச்சியை நான் இகழமாட்டேன். அடிபட்டவனுக்கு ஆறுதல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இனிக்கத்தான் செய்யும்.

ஆயினும் அச்சொல்லை மறுத்தவர்கள் காந்தியாரின் பகைவர்கள் அல்லர். முதலில் மறுத்தவர் கவியரசர் தாகூர். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்தியாரோடு ஒன்றுபட்டவர். காந்தியார் மெய்யாகவே அப்படிச் சொன்னாரா என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே தம் மறுப்பை எழுதி அனுப்பினார். காந்தியாரும் அதனைத் தம் 'ஹரிஜன்' இதழில் பிப்ரவரி 16 அன்று தம் விடையோடு சேர்த்து வெளியிட்டார். அந்த நாகரிகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இன்றைய மேடைகளில் அது அரிது. இயற்கையில் நிகழும் அழிவுக்குக் காரணம் இயற்கையிலேயேதான் இருக்கும் என்பது தாகூரின் வாதம். அத்தோடு அவர் நிற்கவில்லை. இத்தகைய வாதம் காந்தியாரை விட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்றும் எச்சரித்தார். தீண்டாமையைக் காப்பாற்ற நினைக்கும் சனாதனிகள், காந்தியாரின் இயக்கத்தாலேயே கடவுள் சினந்தார் என்று அதே நிலநடுக்கத்தைக் காட்டிச் சொன்னால் என்ன விடை சொல்வது? பூமி இரு தரப்புக்கும் பொதுச் சாட்சி, வாயில்லாத சாட்சி. எவர் வேண்டுமானாலும் அதன் வாயில் தம் சொல்லை வைக்கலாம்.

நேருவும் தம் தன்வரலாற்றில் இதைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். தர்பங்கா மகாராசா பெரும் நிலவுடைமையாளர், அவருக்கும் பெருநட்டம். எனவே இது சமீன்தாரி முறைக்கு வந்த தண்டனை என்றும் சொல்லலாமே என்கிறார். தீண்டாமை கொடிகட்டிப் பறந்த தென்னாட்டை விட்டுவிட்டுப் பீகாரை ஏன் அடிக்க வேண்டும் என்றும் கேட்கிறார். அவர் வெறும் ஏட்டளவில் கேட்டவரல்லர். முங்கேரில் இடிபாடுகளுக்கு நடுவே மண்வெட்டி பிடித்தவர்.

இவற்றுக்கெல்லாம் காந்தியார் தந்த விடையை நேர்மையோடு சொல்ல வேண்டும். தம் நம்பிக்கையைத் தம்மால் மெய்ப்பிக்க இயலாது என்று ஒப்புக்கொண்டார். அந்நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், அது தம்மையும் தம்மோடு நம்புவோரையும் தூய்மை நோக்கித் தூண்டுமாதலால் நன்மையே விளையும் என்றார். பாவம் செய்தவனுக்கு இது நல்ல மருந்தாக இருக்கலாம்; அவன் நெஞ்சு சுட்டால் திருந்துவான். ஆனால் முசாபர்பூரின் இடிபாட்டுக்குள் கிடந்த நம் சகோதரனுக்கு? பீகாரின் சேரிகளும்தாம் இடிந்தன. தீண்டியவன், தீண்டப்படாதவன் இருவரும் ஒரே மண்ணுக்குள் புதைந்தார்கள். ஒருவன் செய்த பாவத்திற்குத் தண்டனையாக, அப்பாவத்துக்கு இரையானவனையும் சேர்த்துக் கொல்வது எந்த நீதிமன்றத்து நீதி?

அந்தத் தம்பிக்கு நான் சொல்லும் விடை இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. துன்பம் வந்தால் அது பாவத்தின் கூலி என்னும் தராசை நீ ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு அதன் தட்டு உன் பக்கம் சாயும்போது கீழே இறங்க முடியாது. நம் முன்னோரை ஆயிரம் ஆண்டுகளாக அழுத்திய சொல் எது? நீ இக்குலத்தில் பிறந்தது முற்பிறவியில் செய்த பாவத்தின் பயன் என்னும் அந்த ஒரு சொல்தானே! பீகாரில் சாதி இந்துவைக் குற்றவாளியாக்கிய அதே தராசுதான் நம்மைப் பிறப்பிலேயே குற்றவாளியாக்கியது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இதனைத்தான் ஆராய்கிறார். ஏழையின் இழிநிலைக்குப் பொறுப்பேற்காமல் அரசும் சமுதாயமும் தப்பித்துக்கொள்ளவே முற்பிறவி வினைக் கொள்கை பயன்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதனால்தான் தம்பி, நமக்குச் சார்பாக வந்தபோதும் அச்சொல்லைக் கைகூப்பித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

நிலம் ஏன் நடுங்கியது என்பதை 1934இல் எவரும் முழுமையாக அறியவில்லை. பூமியின் மேலோடு பெருந்தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்னும் கொள்கை 1960களில்தான் நிலைபெற்றது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் நுழைகிறது. தேங்கிய அழுத்தம் ஒருநாள் வெடிக்கிறது. பீகாரின் வண்டல் மண் நீரோடு குழைந்து ஆடியதால் சேதம் பன்மடங்காயிற்று. தாகூருக்கு இது தெரியாது. தெரியாதபோதும், தெரியாத இடத்தைப் பாவத்தால் நிரப்ப அவர் மறுத்தாரே, அதுவே அறிவின் இலக்கணம்.

இப்போது அந்தத் தாயிடம் வருகிறேன். அவரிடம் தட்டுகளின் நகர்வைச் சொல்லி என்ன பயன்? கூழ் வார்ப்பதை எள்ளி நகையாடும் பகுத்தறிவாளனாகவும் நான் இங்கே நிற்கவில்லை. என் தாயும் கூழ் வார்த்தவர்தான்.

நம் வட்டாரத்து அம்மன் யார்? படவேட்டில் ரேணுகாம்பாள், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாளில் சிரசு ஊர்வலம் வரும் கெங்கையம்மன். கதையை நீங்கள் அறிவீர்கள். கணவன் ஆணையிட, பெற்ற மகனே வெட்ட வருகிறான். அவள் ஓடி ஒளியுமிடம் சேரி. சேரிப் பெண் ஒருத்தி அவளைக் கட்டிக்கொள்கிறாள். இருவர் தலையும் விழுகின்றன. உயிர் திரும்பும்போது தலை மாறி உடல் மாறிப் பொருந்துகின்றன. இக்கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். தண்டனைக்குத் தப்பி ஓடிவந்தவளைத்தான் நாம் தெய்வமாக வைத்திருக்கிறோம். தண்டிக்க வந்தவனுக்கு நம் தெருவில் கோயில் இல்லை. அப்படியிருக்க, கேழ்வரகு வாங்க வழியற்ற ஏழையின் பிள்ளைமீது சுவரைத் தள்ளியவள் அவளே என்றால், அது அம்மனுக்கே இழுக்கல்லவா? அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மன் என்று நாம் வணங்குபவள் நோயுற்றோர்க்கு மருந்தளித்து வாழ்ந்த பௌத்தத் துறவி என்று எழுதினார். வரலாற்றறிஞர்கள் அதை ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் பாடு. அவர் கண்ட அம்மன் சபிக்கிறவள் அல்லள். கையில் வேப்பிலையோடு நோயாளியின் பக்கத்தில் அமர்கிறவள்.

பெரியம்மை வந்த வீட்டில் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகி, வேற்றார் வராமல் தடுத்து, நோயாளியைத் தனியே கிடத்தி, குளிர்ந்த உணவு கொடுத்து இரவும் பகலும் காத்தார்கள். அந்த நம்பிக்கையில் பராமரிப்பு இருந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் அம்மையை ஒழித்தது எது? அம்மைப்பால். வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் ஒழித்தார்கள். 1975இல் இந்தியாவில் கடைசி நோயாளி. 1980இல் உலகமே விடுதலை. நோய் போயிற்று, அம்மன் போகவில்லை. ஆடி வந்தால் கூழ் கொதிக்கிறது, ஊர் கூடி உண்கிறது. நோயைக் காட்டி அச்சுறுத்த வேண்டிய தேவை அவளுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சமயம் பேரிடருக்குத் தந்த இன்னொரு விடையும் நம் மாவட்டத்திலேயே உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்ற பஞ்சம். மாண்டவர் 50 இலட்சத்துக்கு மேல் என்று கணிக்கிறார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறிற்று என்பதும் உண்மை. உடல் நொறுங்க உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சில்லறையும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி கணக்குப் போட்டார். அப்போது கஞ்சித் தொட்டி வைத்தவர்களுள் பாதிரிமார்களும் இருந்தார்கள். 1853இல் தொடங்கப்பெற்ற ஆர்க்காடு மிஷனில், பஞ்சத்திற்குப் பின் ஊர் ஊராக நம்மவர் சேர்ந்தார்கள். 'சோற்றுக்கு மதம் மாறியவர்கள்' என்று இன்றும் சிலர் ஏளனம் பேசுகிறார்கள். நான் கேட்கிறேன்: பசித்தவன் தன் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிய கையை நம்பினான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பஞ்சத்துக்குக் காரணம் உன் கர்மம் என்றவனை விட, காரணம் சொல்லாமல் அகப்பையை எடுத்தவனிடம் அவன் கடவுளைக் கண்டான். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அப்பஞ்சத்தைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார்தான் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அதே மருத்துவமனையின் ஊர்நலப் பணியாளர்கள் பிற்காலத்தில் நம் கணியம்பாடி ஒன்றியத்துத் தெருக்களில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். சேர்ந்த இடத்திலும் சாதி தொடர்ந்து வந்தது, கல்லறை வரையிலும் வந்தது என்பது வேறு கதை. அதையும் மறைக்கக் கூடாது.

ஆழிப்பேரலைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்கள். நாகூர் தர்கா, மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்ய இடம் தந்தது. இதுவும் சமயத்தின் விடையே, தலை வணங்குகிறேன். ஆனால் அந்த அழுகிய உடல்களை இடிபாட்டிலிருந்து எடுத்தவர் யார்? வேறு நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் நம்மவர்கள். அலைக்குச் சாதி தெரியாது என்று அப்போது பலர் கவிதை எழுதினார்கள். அலை வடிந்த மறுநாளே முகாமில் நம்மவர் தனியே ஒதுக்கப்பட்டதும், பொதுத் தொட்டியில் தண்ணீர் பிடிக்க விடாமல் விரட்டப்பட்டதும், நிவாரணப் பட்டியலில் பெயரின்றி நின்றதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. கடவுளின் சினத்தைப் பற்றி வாதிடுவோர் இந்தப் பட்டியலைப் பற்றி வாதிடுவதில்லை.

பட்டியல் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பீகார் நிவாரணக் குழுவின் கணக்குகளைக் கவனிக்க அழைக்கப்பட்டவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையுடையவர். நிலம் ஏன் நடுங்கியது என்பது பற்றி அவர் என்ன எண்ணினாரோ அறியேன். அவருக்கு இடப்பட்ட பணி கணக்கு. கண்டிப்புக்குப் பேர்போன அவர் கையில் அது இருந்தது. என் கண்ணுக்கு அதுவும் ஒரு வழிபாடுதான்.

1903 நவம்பர் 12 அன்று மைசூர்ச் சீமையின் ஏரிகள் உடைந்து பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடியில் இருநூறு பேர் மாண்டனர். அதற்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முன்னதை மழை என்போம், பின்னதற்கு மழையுமில்லை. ஆயினும் இரண்டுக்கும் 'விதி' என்ற ஒரே சொல்லைத்தான் நம் தெருவில் கேட்கிறேன். ஏரிக்கரையைக் கண்காணிக்க வேண்டியவன், தொட்டிச் சுவரைச் சோதிக்க வேண்டியவன் எல்லோரும் அச்சொல்லின் நிழலில் இளைப்பாறுகிறார்கள்.

அந்தத் தாய்க்கு இப்போது சொல்கிறேன். அவர் இந்தக் கூட்டத்தில் எங்கோ அமர்ந்திருக்கிறார் என்றே நம்புகிறேன். அம்மா, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. உங்கள் சுவர் மண்ணால் ஆனது. அதன் அடியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதற்குக் காரணம் உங்கள் தெரு ஏரி மதகுக்கும் தாழ இருப்பது. ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்தது தெய்வத்தின் ஏற்பாடு அன்று. மனிதர் அளந்து கொடுத்தது. வருகிற ஆடிக்குக் கூழ் ஊற்றுங்கள். எனக்கும் ஒரு செம்பு கொடுங்கள். ஆனால் அபராதமாக ஊற்றாதீர்கள்.

தம்பிமார்களே, உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் நம் தெருக்களில் ஒவ்வொரு வீட்டின் வாசற்படியும் மதகின் மட்டத்துக்கு எவ்வளவு தாழ இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். எது மண்சுவர், எது கற்சுவர், எந்த வீட்டுக்குப் பட்டா உண்டு, எதற்கு இல்லை என்பதையும் குறிக்க வேண்டும். பட்டா இல்லாத வீட்டின் பெயர் நிவாரணப் பட்டியலில் ஏறுவது எளிதன்று என்பதை 2021இல் கண்டோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் இருவர் மட்டக்கருவி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மதகடியில் கூடுவோம். அன்று என்னிடம் கேள்வி கேட்ட தம்பியே குறிப்பேட்டைப் பிடிக்கட்டும். கால் நசுங்கிய பிள்ளைக்கு இப்போது ஊன்றுகோல் தேவையில்லை. ஓட முடியவில்லை, நடக்கிறான். அவனும் வருவதாகச் சொன்னான்.